இடது காலின் வாக்குமூலம்

அத்தியாயம் ஒன்பது

அடித்தவன் மேல் புதினா வாசம் வந்தது என்று சொன்ன ஒரே மனிதர், என் அனுபவத்தில், மல்லசமுத்திரம் கோழிப்பண்ணை சென்னிமலைதான். சாராய வாசம், டீசல் வாசம், பீடி வாசம் எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன். புதினா மணக்க மணக்க வந்து ஒருவன் இரும்புக் கம்பியால் காலில் போட்டான் என்றால், அவன் அடியாளா, பந்தியில் துவையல் பரிமாறுகிறவனா என்ற சந்தேகம் எனக்கு அப்போதே வந்தது. ஆனால் என் சந்தேகத்தை யாரும் மதிப்பதில்லை.

என் பெயர் சுப்பையன். திருச்செங்கோட்டில், போர்வெல் போடும் ரிக் லாரிகளின் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் உஷாராணி துப்பறியும் நிலையத்தின் உதவியாளர். பெயர்தான் பெரிது. மாப்பிள்ளை குடிப்பாரா, சொன்ன சம்பளம் நிஜமா என்று விசாரித்துச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. உஷாராணி மேடம் அதற்கு முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துக் கேஸ்களைச் சரிபார்த்தவர். நிஜக் காயம், பொய்க் காயம் என்று கைகால்களையே வருடக்கணக்கில் பார்த்ததால், புதிதாக யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பார்.

அன்று காலை வந்தவள் சென்னிமலையின் மகள் அகல்யா. அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தர்ஷன், திருச்செங்கோட்டு ரிக் லாரி முதலாளி குமரகுருவின் மகன். அந்தக் கல்யாணம் சாயங்காலம் வரைக்கும்தான் உயிரோடு இருக்கும் என்றாள். திங்கட்கிழமை இரவு அவள் அப்பாவை யாரோ இருட்டில் அடித்துவிட்டார்கள். கால் வீங்கிக்கொண்டே போகிறது. அடித்தது சம்பந்தி குமரகுருதான் என்று பங்காளிகள் முடிவு கட்டிவிட்டார்கள். இன்று ஐந்து மணிக்கு நிச்சயத் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள்.

பங்காளிகளிடம் மூன்று ஆதாரம் இருந்தது. முதலாவது, முட்டைச் சண்டை. வரவேற்பு விருந்தில் இலைக்கு ஒரு முட்டையாவது வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கோழிப்பண்ணைக்காரனுக்கு என்ன மரியாதை என்று சென்னிமலை கேட்டார். கல்யாணப் பந்தியில் கவிச்சி ஆகாது என்று குமரகுரு மறுத்தார். பேச்சு முற்றியதில், இன்னொரு தடவை முட்டை என்று சொன்னால் காலை ஒடித்துவிடுவேன் என்று நாலு பேர் நடுவில் சொல்லியிருக்கிறார். இரண்டாவது, திங்கட்கிழமை சாயங்காலம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் குமரகுரு முகம் சிவந்து எழுந்து போய்விடுகிறார். மூன்றாவதுதான் புதினா. அதே இரவு குமரகுருவை டீக்கடையில் பார்த்த ஒரு பங்காளி, அவர் மேல் புதினாவும் ரோஜாவும் கலந்த வாசம் வந்ததாகக் கோயில் வாசலில் வைத்துச் சொல்லத் தயாராக இருந்தார்.

அகல்யா அழவில்லை. "அவரு எங்கப்பாவ அடிச்சிருந்தா நானே இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லிருவேனுங்க. அடிக்கலைன்னா எனக்குத் தர்ஷன் வேணும். எதுன்னு மட்டும் சொல்லுங்க போதும்" என்றாள். எனக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிஷமே பிடித்துப்போனது.

மல்லசமுத்திரத்தில் நாங்கள் போய் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டுக் கூடத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார் சென்னிமலை. ஆள் நல்ல கட்டை குட்டை. மீசை மட்டும் விறைப்பாக இருந்தது, மற்ற உடம்பெல்லாம் நடுங்கியது. குளிருதா என்று மேடம் கேட்டார். குளிரில்லை, கோபம் என்றார் அவர். கோபத்துக்குக் கம்பளி போர்த்தியவரை அன்றுதான் பார்த்தேன்.

தலையணை மேல் நீட்டியிருந்த இடது காலில் கணுக்காலிலிருந்து பாதிக் கெண்டைக்கால் வரை செக்கச்செவேல் என்று பத்து. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டது. இரண்டும் சேர்ந்தால் ரத்தச் சிவப்பாகும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி கந்தம்மாள் வேளைக்கு ஒருமுறை புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தார். மருந்து நன்றாக வேலை செய்வதாக அவருக்குப் பெருமை.

"போட்டுக் கைய எடுக்கறதுக்குள்ள காஞ்சிருதுங்க. அந்தளவுக்கு இழுக்குது" என்றார்.

மேடம் கிண்ணத்தில் மிச்சமிருந்த பத்தைத் தொட்டு, சென்னிமலையின் நல்ல வலது காலில் ஒரு பொட்டு, இடது காலில் பத்து இல்லாத இடத்தில் ஒரு பொட்டு வைத்தார். பிறகு கோழித் தீவனத்தின் விலையைப் பற்றிக் கந்தம்மாளோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சு மக்காச்சோளத்துக்கு வருவதற்குள் இடது கால் பொட்டு பொரிந்து உதிர்ந்துவிட்டது. வலது கால் பொட்டு ஈரம் காயாமல் அப்படியே இருந்தது.

"இழுக்கறது மருந்தில்லீங்க. காலு கொதிக்குது, அதான் காயுது" என்றார் மேடம்.

தண்ணீர் கொண்டுவரச் சொல்லிப் பத்தை முழுக்கக் கழுவினார். சிவப்புத் தண்ணீர் தட்டில் இறங்கியது. காலில் இருந்த சிவப்பு மட்டும் இறங்கவில்லை. கழுவக் கழுவ அது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. தோல் இழுத்துக் கட்டியது போல மினுங்கியது. பத்து எங்கே முடிந்ததோ அங்கே சிவப்பு முடியவில்லை, அதைத் தாண்டி மேலே போயிருந்தது. இத்தனை நாளும் பத்தின் நிறம் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். கந்தம்மாள் தட்டையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

அடுத்து மேடம் என் பக்கம் திரும்பி, பேண்ட்டைச் சுருட்டச் சொன்னார். சனிக்கிழமை என் வண்டிக்குக் குறுக்கே ஒரு ஆடு வந்தது. ஆடு பிழைத்துக்கொண்டது, நான் விழுந்தேன். அந்த அடி என் முழங்காலுக்குக் கீழே இருந்தது. முதல் நாள் நாவல்பழ நிறம், இப்போது ஓரமெல்லாம் பச்சை, நடுவில் வெளிறிய மஞ்சள். துப்பறியும் துறையில் என் கால் தடயமாவது இதுவே முதல் தடவை, அதனால் கொஞ்சம் பந்தாவாகவே நீட்டினேன்.

"இது அடி" என்று என் காலைக் காட்டினார் மேடம். "கருக்கும், பச்சையாகும், மஞ்சளாகும், நாளுக்கு நாள் அடங்கும். தொட்டா சில்லுனு இருக்குது பாருங்க. உங்க காலுல கருப்பும் இல்ல பச்சையும் இல்ல. செவப்பு மட்டும் சூட்டோட மேல ஏறிட்டே இருக்குது. தொடை இடுக்குல நெறி கட்டியிருக்குதுங்களா?"

கட்டியிருக்கிறது, நேற்றிலிருந்து அந்த இடத்தைத் தொட விடவில்லை என்று கந்தம்மாள் சொன்னார்.

இது அடிபட்ட வீக்கம் இல்லை, தோலுக்குள் கிருமி புகுந்து பரவுகிறது, இந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்றார் மேடம். சென்னிமலை கட்டிலின் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி ஆனது என்று கேட்பார்கள், போலீஸ் வரும், தாம்பூலம் போகட்டும் அப்புறம் பார்க்கலாம் என்றார். மகள் கெஞ்சினாள், மனைவி திட்டினார், அவர் அசையவில்லை. அடிபட்டவன் போலீஸைக் கண்டு பயப்படுகிற வீட்டில் உண்மை வேறு அறையில் இருக்கிறது என்று எனக்கே புரிந்தது.

மேடம் பேனாவை எடுத்து, சிவப்பு முடிகிற இடத்தில் காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார். போடும்போது பாதத்தைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். என்னையும் பார்க்கச் சொன்னார்.

இடது குதிகால் தேங்காய் உள்ளீடு போல வழுவழுவென்று இருந்தது. நகங்கள் பிறை மாதிரி வெட்டப்பட்டு மினுமினுத்தன. குதிகால் ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு கீறல், அதைச் சுற்றித்தான் சிவப்பு அதிகம். பிறகு வலது காலைத் தூக்கினோம். அங்கே குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு, ஒவ்வொரு வெடிப்பிலும் பண்ணை மண். நாலணாவை நுழைத்தால் நிற்கும். ஒரே மனிதருக்கு இரண்டு ஊர்க் கால்கள். மேடம் குனிந்து இடது பாதத்தை மோந்து பார்த்தார். என்னையும் மோந்து பார்க்கச் சொன்னார். சம்பளத்தை நினைத்துக்கொண்டு மோந்தேன். சுண்ணாம்புக்கு அடியில், லேசாக, புதினா.

செருப்பு எங்கே என்று மேடம் கேட்டார். வாசலில் வலது செருப்பு மட்டும் கிடந்தது. இடது செருப்பை அடித்தவன் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்றார் சென்னிமலை, கண்ணை மூடியபடி.

"ஒத்தச் செருப்பத் திருடறதுன்னா, அவனுக்கும் ஒத்தக் காலுதானுங்களா" என்று நான் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

அவருடைய காரைத் திறந்து பார்த்தோம். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் மெல்லிசாக, வெள்ளையாக, பஞ்சில் செய்த ஒரு செருப்பு. ஒருமுறை போட்டுவிட்டுத் தூக்கி எறிகிற ரகம். அதன் மேல் இளஞ்சிவப்பில் மயூரா அழகு நிலையம், ஃபேர்லேண்ட்ஸ், சேலம் என்று அச்சடித்திருந்தது. எங்களுக்கு வேறு துப்பு தேவைப்படவில்லை.

கிளம்பும்போது மேடம் அகல்யாவிடம், கோட்டைப் பார்த்துக்கொண்டே இரு, சிவப்பு முழங்காலைத் தொட்டாலோ அப்பா உளற ஆரம்பித்தாலோ எங்களுக்காகக் காத்திருக்காதே, கட்டிலோடு தூக்கிக்கொண்டு போ, கல்யாணம் எப்படிப் போனாலும் போகட்டும் என்றார். அகல்யா தலையசைத்தாள்.

மயூராவின் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் புதினாவும் ரோஜாவும் முகத்தில் அறைந்தன. எனக்குப் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. உள்ளே தனப்பிரியா என்ற பெண், இங்கே ஆண்களுக்கும் செய்கிறோம் சார் என்று என் காலைப் பரிதாபமாகப் பார்த்தாள். மேடம் பஞ்சுச் செருப்பை மேஜை மேல் வைத்தார். தனப்பிரியா உடனே உள்ளே ஓடி, பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகச் சுற்றிய ஒரு பெரிய தோல் செருப்பைக் கொண்டுவந்தாள். இடது கால். அந்த ஐயா நல்லா இருக்காரா என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

அவள் சொன்னது இது. திங்கட்கிழமை சாயங்காலம் அவர் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார். மகள் கல்யாணத்தில் பாத பூஜை இருக்கிறது என்றார். போன மாதம் ஒரு கல்யாணத்தில், மண்டபத்து எல்.ஈ.டி. திரையில் யாரோ ஒரு அப்பாவின் பித்தவெடிப்பைக் கதவு அகலத்துக்குக் காட்டினார்களாம், பெண்கள் பக்கம் சிரித்தார்களாம். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. வீட்டில் சொன்னால் கேலி செய்வார்கள், ஆண்பிள்ளை போகிற இடமா என்பார்கள்.

இடது கால் முடிந்தது. ஓரத்தில் தோல் கொஞ்சம் ஆழமாக வெடித்திருந்ததால் லேசாக ரத்தம் கசிந்தது. மருந்து வைத்து ஒட்டுப் போடுகிறேன், அதுவரை தரையில் வைக்காதீர்கள் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்து இன்னொருவர் வந்தார். அவரைக் கண்ணாடியில் பார்த்ததும் இந்த ஐயா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்து ஓடினார். கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடியதில் கண்ணாடிக் கதவில் இடது முழங்காலுக்குக் கீழே சொத்தென்று இடித்துக்கொண்டார். அவள் ஒட்டோடு தெருமுனை வரை ஓடியிருக்கிறாள், கார் போய்விட்டது.

ஆக அடி என்று ஒன்று இருந்திருக்கிறது, கண்ணாடிக் கதவு அடித்திருக்கிறது. அதனால்தான் மனிதர் வீக்கத்தை அந்த இடியின் வீக்கம் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். ராத்திரி ஒற்றைச் செருப்போடும் புதினா வாசத்தோடும் வீட்டுக்கு வந்தவரைக் கந்தம்மாள் கேட்ட கேள்விக்கு, வாசத்தையும் சேர்த்து ஒரு முரடன் தலையில் கட்டிவிட்டார். மறுநாள் காலை அந்த வழுவழுப்பான குதிகாலோடும் திறந்த கீறலோடும் வெறுங்காலில் கோழி எருவில் நடந்திருக்கிறார். கிருமிக்குத் தாம்பூலம் வைத்து அழைத்த மாதிரிதான்.

"உள்ள வந்தது யாரு அம்மிணி?" என்று மேடம் கேட்டார்.

வாடிக்கையாளர் ரகசியம் என்று தனப்பிரியா தயங்கினாள். சென்னிமலையின் காலைப் பற்றி மேடம் சொன்னதும் தயக்கம் போய்விட்டது. நெடுநெடுவென்று உயரம், வெள்ளை வேட்டி, கை நிறைய ரிக் லாரிச் சாவி. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கடை மூடுகிற வரை இரண்டு காலையும் செய்துகொண்டு போனாராம். மகன் கல்யாணத்தில் பாத பூஜையாம். வெளியே யாருக்கும் தெரியக்கூடாது என்று அவரும் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

அடித்ததாகச் சொல்லப்பட்டவரும் அடிபட்டதாகச் சொல்லப்பட்டவரும் அடுத்தடுத்த தொட்டியில் காலை நனைத்திருக்கிறார்கள். பங்காளிகளின் மூன்றாவது ஆதாரமே குமரகுரு அடிக்கவில்லை என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

காரில் ஏறியதும் மேடம் குமரகுருவுக்குப் போன் போட்டார். எங்கிருந்து பேசுகிறோம், என்ன தெரியும் என்று சுருக்கமாகச் சொன்னார். குமரகுரு ஒன்றுதான் கேட்டார்.

"அந்தாளும் அங்கதான் இருந்தாருங்களா?"

நாங்கள் மல்லசமுத்திரம் திரும்பியபோது கூடம் முழுக்கப் பங்காளிகள். மூத்தவர் சின்னண்ணன் தாம்பூலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அகல்யா காலைத் திறந்து காட்டினாள். பேனாக் கோடு சிவப்புக்கு நடுவில் தனியாகக் கிடந்தது, சிவப்பு அதைத் தாண்டி முழங்காலுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. கட்டிலோடு தூக்க ஆள் கூப்பிட்டேன், தாம்பூலம் முதலில் போகட்டும் என்கிறார்கள் என்றாள். சென்னிமலையின் மீசைகூட இப்போது தளர்ந்திருந்தது. ஆனாலும் கட்டில் சட்டத்தை விடவில்லை.

வாசலில் கார் நின்றது. குமரகுரு உள்ளே வந்தார். பங்காளிகள் எழுந்தார்கள், ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். குமரகுரு யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலிடம் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தூக்கிச் சென்னிமலையின் தலையணை ஓரத்தில் வைத்தார். இரண்டு குதிகாலும் பளபளவென்று இருந்தன. கூடத்தில் புதினா பரவியது.

"என்ரது ரெண்டும் முடிஞ்சுதுங்க சம்பந்தி. உங்களுது ஒண்ணு பாக்கி நிக்குதாமா" என்றார்.

மேடம் கவரைப் பிரித்து இடது செருப்பை வலது செருப்பின் பக்கத்தில் வைத்தார். சென்னிமலை செருப்பைப் பார்த்தார், சம்பந்தியின் கால்களைப் பார்த்தார். முதலில் அவமானத்தில் முகம் சுருங்கியது. பிறகு அந்த முகத்தில் வந்தது நிம்மதி என்றுதான் எனக்குப் பட்டது.

"நீங்களுந்தானா" என்றார் ஈனக் குரலில். "நீங்க பாத்துட்டீங்கன்னு நெனச்சல்ல ஓடுனேன்."

"நா எங்க பாத்தேன். என்ன யாரும் பாத்துறக் கூடாதுன்னு தரையப் பாத்துட்டே வந்தேன்."

கந்தம்மாள் குனிந்து குமரகுருவின் காலை மோந்து பார்த்தார். திங்கட்கிழமையிலிருந்து அந்த வாசத்துக்கு ஒரு பெண் பெயரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார் பாவம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைத்த கையோடு, காலைத் தேய்த்துக் கழுவ ஒரு பீர்க்கங்கூடு போதாதா மனுசனுக்கு என்று புருஷனைத் திட்ட ஆரம்பித்தார். மேடம் அவரைத் தடுத்து, பேனாக் கோட்டையும் சிவப்பையும் எல்லோருக்கும் காட்டினார்.

குமரகுரு எழுந்தார்.

"இப்ப ஆஸ்பத்திரிக்கு எந்திரிக்கறீங்களா, இல்ல நா அன்னைக்குச் சொன்னபடி நெசமாலுமே கால ஒடிக்கட்டுங்களா?"

சென்னிமலை கட்டில் சட்டத்தை விட்டார். பங்காளிகள் தாம்பூலத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரைத் தூக்கினார்கள். மேடம் முன்னால் போய்க் கார்க் கதவைத் திறந்தார்.

குதிகால் கீறல் வழியாகத்தான் கிருமி உள்ளே போயிருக்கிறது, இன்னும் ஒரு நாள் பத்துப் போட்டுக்கொண்டு படுத்திருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஊசி மருந்து ஏற ஏறச் சிவப்பு இறங்கியது, பேனாக் கோட்டுக்குக் கீழே வந்த அன்று அகல்யா எங்களுக்குப் போன் செய்து அழுதாள். அப்போதுதான் அழுதாள்.

கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்தது. மண்டபத்துக்குள் கவிச்சி இல்லை. மண்டபத்துக்கு வெளியே குமரகுருவே பணம் கட்டி ஒரு ஆம்லெட் கடை போட்டிருந்தார், முதல் ஆம்லெட்டைத் தன் கையாலேயே சம்பந்திக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பாத பூஜையின்போது கேமராக்காரர் மண்டி போட்டுக்கொண்டு தயாரானார். சென்னிமலையின் இடது கால், அந்த வழுவழுப்பான கால், முழங்கால் வரை வெள்ளைக் கட்டுக்குள் இருந்தது. டாக்டர் நனைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வெளியே இருந்தது வலது கால் மட்டும்தான். எல்.ஈ.டி. திரையில் அந்தக் குதிகால், வெடிப்பு ஒவ்வொன்றும் வாய்க்கால் அகலத்துக்கு, மண்டபம் பூராவும் தெரிந்தது. பெண்கள் பக்கம் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். சென்னிமலை காலை உள்ளே இழுத்தார்.

அகல்யா இழுக்க விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தட்டில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள்.

"இந்தக் காலுதானுங்கப்பா எனக்குத் தெரிஞ்ச காலு" என்றாள்.

சென்னிமலை அழுதார். கேமரா அவர் முகத்துக்குப் போனது. பக்கத்திலேயே குமரகுருவின் இரண்டு குதிகால்களும் பளபளவென்று காத்திருந்தன, அந்தப் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.